பெட்டிக்குள் வந்த யுத்தக் கப்பல்

மரத்தினால் கப்பல் மாதிரி செய்யும் கலையில் புதிதாகப் புகுகிறவர்களில் பெரும்பாலோர் முதன்முதலாக ஆசைப்படுவது ‘விக்டரி’யைத்தான். 1805-ஆம் வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி, ஸ்பெயின் தேசத்து டிரஃபால்கர் முனைக்கு அப்பால், ஆங்கிலேயக் கடற்படைத் தளபதியான நெல்ஸன் வெற்றியையும் மரணத்தையும் ஒரே நாளில் சந்தித்தது அந்தக் கப்பலிலேதான். 104 பீரங்கிகளும், விண்ணை நோக்கி உயர்ந்த மூன்று பாய்மரங்களும், எடுத்து நீட்டினால் 40 கிலோமீட்டருக்கும் அதிகமாகச் செல்லும் கயிறுகளுமாக, இவ்வளவு கம்பீரமும் சரித்திரமும் ஒருங்கே பொருந்திய ஒரு கப்பலை நம் கையாலேயே செய்து கூடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பெட்டியின் மேலுள்ள வர்ணப் படம் அழைக்கும்போது, அந்த அழைப்பை மறுப்பது எளிதன்று. ஆயினும் மறுக்க வேண்டும் என்பதே என் உறுதியான அபிப்பிராயம். முதல் பீரங்கி வண்டியை ஒருவன் பக்தியோடு செய்வான். பத்தாவதைப் பழக்கத்தினால் செய்வான். ஐம்பதாவதைச் செய்யும்போது, இன்னும் ஐம்பது இருக்கின்றனவே என்ற எண்ணம் கையைத் தளர்த்திவிடும். பாதியில் நின்றுபோன பெருங்கப்பல்கள் பரண்களில் தூசி படிந்து கிடப்பதை இக்கலையில் பழகியவர்கள் எல்லோரும் அறிவார்கள். அவற்றைத் தொடங்கியவர்களுக்குத் திறமை இல்லாமற் போகவில்லை. ஒரு கப்பல் கற்பிக்கக்கூடிய பாடங்களையெல்லாம் கற்று முடிப்பதற்கு முன்பே, ஒரே பாடத்தை நூறு தடவை எழுதும்படியான நிர்ப்பந்தம் அவர்களுக்கு நேர்ந்துவிட்டது.

ஆகையால் முதற் கப்பல் சிறியதாக இருக்கட்டும். ஆனால் பெரிய கப்பலில் உள்ள அங்கங்கள் யாவும் அதில் இருக்கட்டும். இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் பொருந்தியதாக நான் எடுத்துக்காட்ட விரும்புவது, ‘ஷெர்போர்ன்’ என்னும் பத்துப் பீரங்கிக் கட்டர். பிரிட்டனில் உள்ள கால்டர்கிராஃப்ட் நிறுவனத்தார், உண்மைக் கப்பலில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு என்ற அளவில் இதன் பாகங்களைப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். தேம்ஸ் நதிக்கரையில் வுலிச் என்னும் இடத்திலிருந்த அரசாங்கத் துறையில் 1763-ஆம் வருஷம் கட்டப்பட்டது அந்தக் கட்டர். அதன் வரைபடத்தைத் தயாரித்தவர் ஸர் தாமஸ் ஸ்லேட். விக்டரியின் வரைபடத்தைத் தயாரித்தவரும் அவரேதான். ஆதலால் இந்தச் சிறு கப்பலைக் கட்டுகிறவன், அக்காலத்தின் தலைசிறந்த கப்பற் சிற்பி ஒருவரிடமே பாடம் கேட்கிறான்.

அந்நாளில் தேயிலைக்கும் பிராந்திக்கும் இங்கிலாந்தில் விதிக்கப்பட்டிருந்த சுங்க வரி மிகக் கடுமையானது. எங்கே வரி கடுமையோ அங்கே கள்ளக் கடத்தல் செழிக்கும் என்பது எல்லா தேசத்துக்கும் பொதுவான அனுபவம். பிரெஞ்சுக் கரையிலிருந்து இரவோடு இரவாகச் சரக்கை ஏற்றிக்கொண்டு இங்கிலீஷ் கால்வாயைக் கடந்து வரும் படகுகள் மிகுந்த வேகமுள்ளவையாக இருந்தன. அவற்றைத் துரத்திப் பிடிக்க வேண்டிய அரசாங்கக் கப்பல்கள் அதைவிட வேகமுள்ளவையாக இருக்க வேண்டியதாயிற்று. அந்த அவசியத்தில் பிறந்ததே கட்டர் என்னும் ஜாதி. பாய்மரம் ஒன்றே ஒன்று; ஆனால் கப்பலின் உடலோடு ஒப்பிட்டால் வியப்பூட்டும் உயரம். அணியம் என்னும் முன்முனையிலிருந்து பௌஸ்பிரிட் என்னும் முன்னீட்டுக் கம்பம், பாதிக் கப்பலையே வெளியே நீட்டிவிட்டாற்போல, கடலின் மேல் நெடுந்தூரம் நீண்டிருக்கும். உடல் அகன்று, நீருக்குள் ஆழ்ந்து இருக்கும். இல்லாவிட்டால் அத்தனை பெரிய பாய்களின் பாரத்தை அது தாங்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்க முடியாது. ஷெர்போர்னின் முதல் தலைவராயிருந்த ஜான் கார்ட்ரைட் என்னும் லெப்டினன்ட், பிற்காலத்தில் பிரிட்டிஷ் பாராளுமன்றச் சீர்திருத்தத்துக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடியவர். அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு விரோதமாகப் போர் செய்ய மறுத்தவர். ஒரு சிறு கட்டரின் மேல்தளத்தை நம் விரல்களால் ஒட்டும்போது, அந்தப் பலகைகளின் மேல் நடந்த மனிதர் இன்னார் என்று தெரிந்திருப்பது வேலைக்கு ஒரு தனி ருசியைத் தருகிறது.

கப்பலை அளவு சுருக்கிச் செய்யும் வழக்கம் பொழுதுபோக்காக ஆரம்பித்ததன்று. பதினேழாம் நூற்றாண்டில், ஆங்கிலேயக் கடற்படை நிர்வாகிகளுக்காக, நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில், அதாவது ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற பிரமாணத்தில், அற்புதமான மாதிரிகள் செய்யப்பட்டன. அவற்றின் அடிப்பாகத்தில் பலகை அடிக்காமல், உள்ளேயுள்ள விலாச்சட்டங்கள் வெளியே தெரியும்படி விட்டுவிடுவது வழக்கம். நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஸாமுவேல் பெப்பிஸ் கடற்படை நிர்வாகத்தில் உயர்ந்த உத்தியோகம் வகித்தவர். அவரிடமும் இத்தகைய மாதிரிகள் இருந்தன. இவற்றில் ஒரு சிறந்த தொகுதி 1935-இல் அமெரிக்காவின் அன்னபோலிஸ் கடற்படைக் கலாசாலைக்குச் சென்று சேர்ந்து இன்றும் அங்கே இருக்கிறது. நெப்போலியன் காலத்து யுத்தங்களில் சிறைப்பட்ட பிரெஞ்சுக்காரர்கள் செய்த மாதிரிகள் இன்னொரு வகை. பீட்டர்பரோ நகருக்கு அருகே நார்மன் கிராஸ் என்ற இடத்தில் 1797-இல் திறக்கப்பட்ட முகாமில் ஆயிரக்கணக்கான கைதிகள் வருஷக்கணக்கில் அடைபட்டிருந்தார்கள். தங்களுக்கு உணவாகக் கொடுக்கப்பட்ட இறைச்சியின் எலும்புகளைச் சேகரித்து, சுத்தம் செய்து, மெல்லிய பட்டைகளாக அறுத்து, அவற்றைக் கொண்டே முழு யுத்தக் கப்பல்களை உருவாக்கி, முகாம் வாசலில் நடந்த சந்தையில் அவர்கள் விற்றார்கள். பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். நல்ல கருவியும் நல்ல மரமும் நல்ல வெளிச்சமும் இருந்தும் நமக்குப் பொறுமை குறைகிறதென்றால், அந்த எலும்புக் கப்பல்களை நினைத்துக்கொள்வது நலம்.

இனிப் பெட்டியைத் திறப்போம். உள்ளே கப்பல் எதுவும் இராது. பிளைவுட் தகடுகளில் வெட்டிய சட்டங்கள், கட்டுக்கட்டாக நீண்ட மெல்லிய மரப்பட்டைகள், பாய்மரத்துக்கும், பாய்களைத் தாங்கும் பருமல்களுக்கும் உரிய உருண்டைக் கோல்கள், பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த நுண்ணிய உறுப்புகள், உலோகத்தில் வார்த்த பீரங்கிகள், கடுகு பெரிதோ இது பெரிதோ என்று தோன்றும் கப்பிகள், பல பருமன்களில் நூல் உருண்டைகள், பல தாள்களில் வரைபடங்கள், இவையே இருக்கும். புதியவர் செய்யத்தக்க முதல் காரியம் எதையும் ஒட்டாமலிருப்பதுதான். வரைபடங்களைச் சுவரில் மாட்டி, சில நாட்கள் அவற்றை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த உறுப்பு எதன் மேல் நிற்கிறது, எதை ஒட்டிய பிறகு எதை ஒட்ட வழியிராது என்பதை மனசுக்குள்ளேயே ஒரு தடவை கட்டிப் பார்த்துவிட வேண்டும். குறிப்புப் புத்தகங்கள் பெரும்பாலும் சுருக்கமானவை. கப்பலைப் பற்றி ஏற்கனவே தெரிந்தவருக்கு ஞாபகமூட்டும் பாணியில் எழுதப்பட்டவை. வரைபடமே உண்மையான ஆசிரியன்.

கப்பலின் அடியில் அணியத்திலிருந்து, அமரம் என்னும் பின்முனை வரைக்கும் நீளும் முதுகெலும்புக்கு நம் கடற்கரைத் தச்சர்கள் ஏரா என்று பெயர் சொல்வார்கள். பெட்டியில் வரும் ஏரா ஒரே பிளைவுட் தகட்டில் வெட்டியது. அதில் குறுக்கே பிளவுகள் இருக்கும். அந்தப் பிளவுகளில் ஒவ்வொன்றாக விலாச்சட்டங்களைச் செருக வேண்டும். உண்மைக் கப்பலில் நெருக்கமாக நின்ற நூற்றுக்கணக்கான வளைமரங்களுக்குப் பதிலாக, இங்கே சில குறுக்குத் தகடுகள் மட்டும் கப்பலின் வடிவத்தை நிர்ணயிக்கின்றன. இந்த எளிய ஏற்பாட்டினால்தான் தச்சுப் பயிற்சி இல்லாத சாதாரண மனிதரும் யுத்தக் கப்பல் கட்டத் துணிய முடிகிறது. ஆனால் எளிமைக்கு ஒரு விலை உண்டு. மெல்லிய பிளைவுட் தகடு ஈரத்தினாலும் வெப்பத்தினாலும் எளிதில் கோணிக்கொள்ளும். ஏராவைக் கண்ணாடிப் பலகையின் மேல் வைத்துப் பார்த்து, கோணல் இருந்தால் அப்பொழுதே நிமிர்த்திக்கொள்ள வேண்டும். நிமிர்த்திய பிறகு விலாச்சட்டங்களைப் பசையில்லாமல் செருகிப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏராவுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துச் சோதித்த பின்னரே பசை தொட வேண்டும். இந்த நிலையில் தலைமுடியளவு இருக்கும் பிழை, பாய்மரம் ஏறும்போது எல்லோர் கண்ணுக்கும் தெரியும் சாய்வாக வளர்ந்திருக்கும்.

சட்டங்கள் நின்றதும், அவற்றின் விளிம்புகளைச் சரிவாக இழைக்க வேண்டும். விலாச்சட்டத்தின் விளிம்பு வெட்டியபடியே நேராக இருந்தால், வளைந்து செல்லும் பலகை அதன் ஒரு முனையில் மட்டும்தான் தொடும். அங்கே பசை பிடிக்காது, பலகையிலும் மேடு எழும்பும். ஒரு மரப்பட்டையை எடுத்துப் பல சட்டங்களின் மேலும் சாய்த்து வைத்து, அது எங்கெல்லாம் முழு அகலமும் படியவில்லையோ அங்கெல்லாம் உப்புத்தாள் ஒட்டிய கட்டையினால் தேய்த்துத் தேய்த்துச் சரிவை உண்டாக்க வேண்டும். அணியத்திலும் அமரத்திலும் இந்தச் சரிவு மிகுதி. நடுவில் ஏறக்குறைய இல்லை. பொறுமையற்றவர்கள் விரைந்து தாண்டிவிடும் இடம் இது. தாண்டியவர்களுடைய கப்பலை எட்ட நின்று பார்த்தாலே, பட்டினி கிடந்த குதிரையின் விலாவைப் போலச் சட்டங்கள் ஒவ்வொன்றும் பலகைக்கு அடியிலிருந்து புடைத்துத் தெரியும்.

அடுத்து வருவது பலகையடிப்பு. இக்கலையின் ஹிருதயம் இதுவே என்று நான் கருதுவதால், இதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதியவர் மனத்தில் இருக்கும் எண்ணம், பட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டிக்கொண்டே வந்தால் கப்பல் மூடிக்கொள்ளும் என்பது. மூடிக்கொள்ளாது, மூடிக்கொள்ளவும் முடியாது. கப்பலின் நடுவிலுள்ள சட்டத்தில், மேல்தள விளிம்பிலிருந்து ஏரா வரைக்கும் வளைவைத் தொடர்ந்து அளந்தால் 100 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டையின் அகலம் 5 மில்லிமீட்டர் என்றால் அங்கே இருபது பட்டைகள் வேண்டும். அதே கப்பலின் அணியத்துக்கு அருகிலுள்ள சட்டத்தில் அந்த அளவு 60 மில்லிமீட்டராகக் குறுகியிருக்கும். இருபது பட்டைகளும் அங்கேயும் போய்ச் சேர வேண்டுமானால், ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டராகக் குறுகினால்தான் இடம் கிடைக்கும். அமரத்தின் அடியிலோ சுற்றளவு நடுவிலுள்ளதைவிடக் கூடுதலாக இருப்பதுண்டு. அங்கே பட்டைகளுக்கிடையே ஆப்பு வடிவமான இடைவெளி விழும். அதை நிரப்பத் தனியாக ஒரு கூர்மையான துண்டு வேண்டும். ஆகவே, கண்ணுக்கு நேராகத் தோன்றும் கப்பற்பலகை ஒவ்வொன்றும் உண்மையில் நடுவில் அகன்று நுனியில் ஒடுங்கிய ஒரு தனி உருவம். கப்பல் தச்சன் மரத்தை வெட்டுவதற்கு முன்னால் கணக்குப் போட்டது இதற்காகத்தான். நாமும் அந்தக் கணக்கையே போடுகிறோம்.

இதற்குக் கணித வித்தை எதுவும் தேவையில்லை. ஒரு காகிதக் கீற்றை ஒவ்வொரு சட்டத்தின் விளிம்பிலும் சுற்றி, தொடக்கத்தையும் முடிவையும் அடையாளமிட்டு, அந்த நீளத்தை எத்தனை பட்டைகளோ அத்தனை சம பாகங்களாகப் பிரித்து, அந்தக் குறிகளைச் சட்டத்தின் மேல் பென்சிலால் மாற்றிவிட்டால் போதும். ஒவ்வொரு பட்டையும் எந்தச் சட்டத்தில் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். கூர்மையான கத்தியும் சிறிய இழைப்புளியும் கொண்டு பட்டையை அந்த அளவுக்குக் குறைக்கலாம். ஒரு விதியை மாத்திரம் மீறக் கூடாது: எந்தப் பட்டையையும் அதன் பூர்வ அகலத்தில் பாதிக்குக் கீழே ஒடுக்கக் கூடாது. அப்படி ஒடுக்க நேரும் இடத்தில், இரண்டு பட்டைகளை நிறுத்திவிட்டு, அவற்றின் ஸ்தானத்தில் ஒன்றைத் தொடர வேண்டும். கூரான முனை கொண்ட பலகை ஆணியைப் பிடித்துக்கொள்ளாது, விரைவில் உளுத்தும் போகும் என்பதனால் மெய்யான கப்பலிலும் இவ்விதமே செய்தார்கள்.

மரப்பட்டை தட்டையான பக்கத்தில் இணக்கமாக வளையும்; விளிம்பின் பக்கமாக வளைக்க முயன்றால் முரண்டு பிடித்து மேலெழும்பும், அல்லது முறியும். புதியவர்களின் கோபத்துக்கெல்லாம் மூலகாரணம் இந்த உண்மையை அறியாமையே. மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருள் சூட்டில் இளகும். ஈரம் அந்த இளக்கத்துக்குத் துணை செய்யும். பட்டையை வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, பிறகு சூடான இரும்பின் மேல் மெல்ல அழுத்தி வளைத்து, அந்த வளைவிலேயே ஆறவிட்டால், அது தான் கற்ற வளைவை மறப்பதில்லை. நன்கு வளைந்த பட்டையைச் சட்டங்களின் மேல் வைக்கும்போது, அதைப் பிடித்து அமுக்கத் தேவையே இராது. தானாகவே படிந்து உட்காரும். அப்படி உட்காராத பட்டையை ஊசியாலும் பசையாலும் வலுக்கட்டாயமாக இருத்துகிறவர், பின்னால் ஒரு நாள் அது விடுபட்டுத் துள்ளுவதைக் காண்பார். மேல்தள விளிம்புக்குக் கீழே தொடங்கி ஒரு பகுதியும், ஏராவிலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஒரு பகுதியும் அடித்துக்கொண்டு வந்து, இரண்டையும் அடிவயிற்றின் வளைவில் சந்திக்கவிடுவது நல்ல முறை. இடப்பக்கம் ஒன்று அடித்தால் வலப்பக்கம் ஒன்று அடிக்க வேண்டும். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டு போனால், காயும் பசையின் இழுப்பிலும் பட்டைகளின் முறுக்கிலும் ஏராவே கோணிவிடும்.

புதியவருக்கு ஒரு பெரிய ஆறுதல் உண்டு. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை இரட்டைப் பலகையடிப்பு முறையைச் சேர்ந்தவை. முதல் அடுக்கு லைம் என்னும் மிருதுவான மரம். அது கண்ணுக்குத் தெரியப் போவதில்லை. அதில் இடைவெளி விழுந்தால் மரத்தூளும் பசையும் கலந்து அடைக்கலாம். மேடு இருந்தால் தேய்க்கலாம். பள்ளம் இருந்தால் நிரப்பலாம். வழவழவென்று தேய்த்து முடித்த முதல் அடுக்கின் மேல், ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மிகாத வால்நட் மரப்பட்டைகளை இரண்டாவது அடுக்காக ஒட்ட வேண்டும். முதல் அடுக்கில் கற்றுக்கொண்டு, இரண்டாவது அடுக்கில் அந்தக் கல்வியைக் காட்டும்படியான இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யாராயினும், அவர் ஆரம்ப மாணவர்களிடம் கருணை மிக்கவர். முதல் அடுக்கு அழகாக வரவில்லையே என்று மனம் சோர்ந்து நிறுத்திவிடுகிறவர்களுக்கு இதை நான் வற்புறுத்திச் சொல்வேன்: அது அழகாக இருக்க வேண்டியதில்லை, வடிவம் சரியாக இருந்தால் போதும்.

ஆங்கிலேயக் கப்பல்கள் ஓக் மரத்தில் கட்டப்பட்டவை. விக்டரிக்கு மட்டும் ஏறக்குறைய 6,000 மரங்கள் வெட்டப்பட்டன, அவற்றில் மிகப் பெரும்பான்மை ஓக். அப்படியிருக்க மாதிரிக்கு ஏன் ஓக் கொடுப்பதில்லை என்று கேட்கத் தோன்றும். மரத்தை நாம் சுருக்க முடியும். மரத்தின் ரேகையைச் சுருக்க முடியாது. ஓக் மரத்தின் துவாரங்களும் வரிகளும் பெரியவை. அறுபத்து நான்கில் ஒரு பங்கான கப்பலில் அந்த வரி, உண்மைக் கப்பலின் அளவில், கையை நுழைக்கும் பிளவாகத் தோன்றும். ஆகையால் நெருங்கிய ரேகையுள்ள மரங்களே இங்கு வேண்டும். நம் தேக்கும் இந்த விஷயத்தில் ஓக்கைப் போன்றதே. ஆனால் மெய்க்கப்பலுக்கு அதற்கு இணை கிடையாது. நெப்போலியனோடு நடந்த நீண்ட யுத்தத்தினால் ஓக் மரம் அருகிப்போயிருந்த காலத்தில், பம்பாய்த் துறையில் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் பார்ஸி சிற்பி மலபார்த் தேக்கினால் கட்டி 1817-ஆம் வருஷம் அக்டோபரில் நீரில் இறக்கிய போர்க்கப்பல், திருகோணமலையின் பெயரைத் தாங்கி ‘டிரிங்கோமலி’ என வழங்கியது. இருநூறு வருஷங்களைக் கடந்தும் அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் இன்றைக்கும் மிதந்துகொண்டிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரத்துக்கு இதைவிடச் சிறந்த சாட்சி வேண்டுமா?

மேல்தளத்தைப் பற்றிய வேலை சிறியது, ஆனால் இன்பமானது. மெய்யான கப்பலில் தளப் பலகைகளின் இடுக்குகளில், பழைய கயிற்றைப் பிரித்தெடுத்த நாரைத் திணித்து, கீலை உருக்கி ஊற்றுவார்கள். நம் கப்பல் தச்சர்களான ஓடாவிகள் கலப்பற்று அடித்தல் என்று சொல்வதும் இதையே. மாதிரியில் ஒவ்வொரு பட்டையின் விளிம்பிலும் மென்மையான பென்சிலை ஒரு தடவை இழுத்துவிட்டு ஒட்டினால், அந்தக் கருங்கோடு கச்சிதமாக வந்துவிடும். பலகைகளை முழு நீளத்துக்கு ஓட விடலாகாது. 24 அடி நீளமுள்ள பலகை இந்த அளவில் சுமார் 11 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு வெட்டி, அடுத்தடுத்த வரிசைகளில் மூட்டுகள் ஒரே இடத்தில் விழாமல் படிப்படியாகத் தள்ளி அமைக்க வேண்டும். ஒரே உத்தரத்தின் மேல் பல மூட்டுகள் சேர்ந்தால் தளம் அங்கே பலவீனப்படும் என்பதே இதன் காரணம்.

வர்ணத்தில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. கைப்பிடிச் சுவர்களின் உட்புறத்துக்கும் பீரங்கி வண்டிகளுக்கும் சிவப்புப் பூசுவது வழக்கம். யுத்தத்தில் சிந்தும் ரத்தம் தெரியாதிருப்பதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்பது பிரசித்தமான கதை. செங்காவி மலிவாகக் கிடைத்தது, மரத்தையும் காத்தது என்பது அதைவிட நம்பத்தக்க காரணம். இரண்டாவது, நீர்மட்டத்துக்குக் கீழேயுள்ள பாகம். மாதிரி என்றால் அடியில் செம்புத் தகடு மின்ன வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். கடற்புழு மரத்தைத் துளைக்காமல் செம்பு போர்த்தும் சோதனை 1761-இல் ‘அலாரம்’ என்னும் கப்பலில் தொடங்கியது. கடற்படை முழுவதற்கும் அது பரவியது 1780-ஐ ஒட்டித்தான். 1763-இல் கடலில் இறங்கிய ஷெர்போர்னுக்கு மீனெண்ணெய், குங்கிலியம், கந்தகம் இவற்றைச் சேர்த்துக் காய்ச்சிய வெண்பூச்சே அன்றைய முறை. மங்கலான வெள்ளைதான் உண்மைக்கு நெருங்கியது. என் கண்ணுக்கு அழகும் அதுவே.

பீரங்கிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வண்டிகளை ஒன்றாக வரிசைப்படுத்தி, ஒரே வேலையை எல்லாவற்றுக்கும் முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனால் பத்தும் ஒத்த உருவமாக அமையும்.

பாய்மரத்தோடு வேலையின் சுபாவமே மாறிவிடுகிறது. இதுவரை தச்சராக இருந்தவர் இனிக் கயிறு கட்டும் மாலுமியாகிறார். உருண்டைக் கோலை மேலே போகப் போக மெலிய இழைத்து நிறுத்தியதும், அதைப் பக்கவாட்டில் தாங்கும் பெருங்கயிறுகள் வருகின்றன. இவை பாய்மர உச்சியில் மாலைபோல விழுந்து, கப்பலின் இரு பக்கங்களிலும் இறங்கும். இணை இணையாகக் கட்டும்போது வலப்பக்கத்து முன்னிணை முதலில், பிறகு இடப்பக்கத்து முன்னிணை என்று மாற்றி மாற்றிக் கட்டுவது பழைய மரபு. ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் மூன்று துளையிட்ட ஒரு வட்டக் கட்டை. கப்பலின் விளிம்பில் அதற்கு நேர் கீழே அதைப் போன்ற இன்னொன்று. இரண்டுக்கும் இடையே மெல்லிய கயிறு ஆறு தடவை ஏறி இறங்கும். அந்த மெல்லிய கயிற்றை இழுத்தால் பெருங்கயிறு முறுக்கேறும். சக்கரம் சுழலாத இந்த ஏற்பாட்டில், இழுப்பைப் பல இழைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் கப்பியின் தத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மழையில் கயிறு சுருங்கினாலும் வெயிலில் தளர்ந்தாலும் மாலுமிகள் இதைக் கொண்டே பாய்மரத்தை நேர்செய்தார்கள். புத்தகத்தில் படித்துப் புரியாத இந்த யுக்தி, விரல் நுனியில் ஒரு தடவை இழுத்துப் பார்த்தால் கணத்தில் விளங்கிவிடுகிறது. மாதிரி கட்டுவதில் எனக்குள்ள ஈடுபாட்டுக்கு முக்கிய காரணம் இத்தகைய கணங்களே.

பெருங்கயிறுகளுக்குக் குறுக்கே, மாலுமிகள் ஏறுவதற்கான படிக்கயிறுகளைக் கட்ட வேண்டும். மெய்யான கப்பலில் இவற்றின் இடைவெளி சுமார் 15 அங்குலம்; இந்த அளவில் 6 மில்லிமீட்டர். சம இடைவெளியில் கோடிட்ட அட்டையைக் கயிறுகளுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு சுருக்கு முடிச்சு போட்டுக்கொண்டே போகலாம். முடிச்சை அதிகம் இறுக்கினால் பெருங்கயிறுகள் உட்புறமாக இழுபட்டு இடை ஒடுங்கிப்போகும். இறுக்கம் என்பது இங்கே கண்ணால் அன்றி விரலால் அறிய வேண்டியது. நூலைக் கட்டுவதற்கு முன்னால் தேன்மெழுகின் மேல் இழுத்துக்கொண்டால் அதன் பிசிர்கள் படிந்துவிடும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பிசிரும் இந்த அளவில் ஒரு கம்பாகத் தோன்றும். பாய்மரத்தைத் தாங்கி எப்போதும் நிலையாக நிற்கும் கயிறுகளுக்குக் கீல் பூசுவார்களாதலால் அவை கருமையாக இருக்கும். பாயை ஏற்றவும் இறக்கவும் ஓடும் கயிறுகள் நாரின் இயற்கை நிறத்தில் இருக்கும். இந்த நிற வித்தியாசத்தைக் காப்பாற்றினால், கப்பலைப் பார்க்கிறவர் எந்தக் கயிறு தாங்குகிறது, எந்தக் கயிறு வேலை செய்கிறது என்பதை ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளலாம். பாய் கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு, முதற் கப்பலில் வேண்டாம் என்பேன். எவ்வளவு மெல்லிய துணியானாலும் அதன் இழை இந்த அளவுக்கு முரடு. பல மாதங்கள் பாடுபட்டுக் கட்டிய கயிறுகளையும் அது மறைத்துவிடும்.

கருவிகளுக்காக அதிகம் செலவு செய்ய வேண்டியதில்லை. பொற்கொல்லர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் நல்ல சாமணமும், நுண்ணிய அரங்களும், மெல்லிய ரம்பமும், கையால் சுழற்றித் துளையிடும் கருவியும் கிடைக்கும். இவற்றோடு கூரான கத்தி, சிறிய இழைப்புளி, இரும்பு மூலைமட்டம், பல தரத்து உப்புத்தாள், தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை ஆகியவை இருந்தால் போதும். நொடியில் ஒட்டும் பசைகள் சில இடங்களுக்கு உதவும். ஆனால் பிழை செய்தால் பிரித்தெடுக்க அவை இடங்கொடா. வெள்ளைப் பசையால் ஒட்டியதை ஈரப்படுத்திப் பிரித்து மறுபடியும் ஒட்டலாம் என்பதால், முதற் கப்பலுக்கு அதுவே உத்தமம். வால்நட் மரத்தூள் மூச்சுக்கு நல்லதல்ல. தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் மறைத்துக்கொள்ள வேண்டும். ஓய்வு நேரத்தில் மாத்திரம் வேலை செய்கிறவருக்கு ஷெர்போர்னைப் போன்ற கட்டர் முடியப் பல மாதங்கள் ஆகலாம். அவசரப்பட்டு அந்தக் காலத்தைச் சுருக்குவதில் லாபம் ஒன்றுமில்லை; பசை காயும் நேரத்தில் அடுத்த உறுப்பைப் பற்றி யோசிப்பதும் கப்பல் கட்டுவதேயாகும்.

முடிந்த கப்பலுக்குக் கண்ணாடிப் பேழை அவசியம்; இதை அலங்காரச் செலவாக எண்ணித் தள்ளிப்போடக் கூடாது. கயிறுகளுக்கிடையே படிந்த தூசியைத் துடைக்க எந்தக் கருவியும் இல்லை. முயன்றால் கயிறு அறும். நேரான வெயில் நூலை நைத்து நிறத்தை வெளுக்கச் செய்யும். அடிக்கடி மாறும் ஈரப்பதம் பலகையின் மூட்டுகளை விலக்கும். பேழையை உட்சுவரின் ஓரமாக, கண் மட்டத்தில் வைப்பது சிறப்பு. மேலிருந்து குனிந்து பார்க்கும்போது பொம்மையாகத் தெரியும் கப்பல், பக்கத்திலிருந்து நேராகப் பார்க்கும்போது கப்பலாகவே தெரியும். பேழை தயாராவதற்குள் பெரும்பாலும் அடுத்த பெட்டியைப் பற்றிய யோசனை வந்துவிடும். அப்பொழுது ஒன்றிலிருந்து இரண்டு பாய்மரத்துக்கு ஏறுவதே முறை. 1788-இல் ஆஸ்திரேலியாவைச் சென்றடைந்த முதற் கப்பற்கூட்டத்தில் ‘சப்ளை’ என்றொரு சிறு கப்பல் போயிற்று; 1759-இல் கட்டப்பட்டது, அதுவும் ஸ்லேட் வரைந்ததே. அதே அறுபத்து நான்கில் ஒரு பங்கு அளவில் அதற்கும் பெட்டி கிடைக்கிறது; ஷெர்போர்னில் செய்த பலகைக் கணக்கும் படிக்கயிற்று முடிச்சும் அப்படியே அதற்கும் செல்லும், புதிதாகக் கற்க வேண்டியவை இரண்டாவது பாய்மரமும் அதைச் சார்ந்த கயிறுகளும்தான்.